வரிசையில் நிற்கும் ஆப்பிள் மரங்கள்

அன்புள்ள தங்கை குவாட்டி,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் இங்கே நலம்; கொஞ்சம் தடித்தும் விட்டேன்.

சலவைக்கல் வெட்டியெடுக்கும் இந்த ஊரின் வரலாற்றைக் கல்லில் வெட்டும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. "எங்கப்பா வந்தப்போ இது வெறுங்காடு. அப்படியே வெட்டுப்பா" என்று, எழுதிய தாளை நீட்டினார் மேஸ்திரி ஹாலிஸ், தன் தோட்டத்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டே.

"இந்த ஆப்பிள் மரங்கள யாரு நட்டா?" என்று கேட்டேன்.

"அப்பா வரும்போதே காய்ச்சு நின்னுச்சாம்."

"காட்டு மரம் வரிசையாவா நிக்கும், மேஸ்திரி? நட்டது இந்த மண்ணோட பழங்குடி, எங்க செரோக்கி சனம். சர்க்கார் பட்டாளம் அடிச்சுத் துரத்தினப்போ விட்டுட்டுப் போனது."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் சிரித்துவிட்டாள். "நாப்பது வருஷமாத் திங்கிறீங்களே, ஒருநாளாவது யோசிச்சீங்களா?" மேஸ்திரி முணுமுணுத்தபடியே 'வெறுங்காடு' என்பதை அடித்துவிட்டு, 'செரோக்கியர் தோட்டம்' என்று எழுதித் தந்தார். இன்று காலை அதை வெட்டி முடித்தேன்.

என் கம்பளிக் கையுறையை அனுப்பு. நம் மொழியில் பேச இங்கே ஆளில்லை. கடிதத்தை நீளமாகவே எழுது.

தபால் வண்டி கிளம்புகிறது. இந்த உறைக்குள் அந்த மரங்களின் ஆப்பிள் விதைகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் நடு. வரிசையாக நடு.

உன்
ஈனோக்