வெள்ளைத் தாளில் டிக்

செவ்வாய்க்கிழமை, இரவு

படுத்தால் தூக்கம் வரவில்லை.

மண்டியில் இன்றும் அரிசி மூட்டைகளின் எடையை நான்தான் வாசித்தேன். கணக்கர் ராமு அண்ணன் அந்தப் பழைய பிரிண்டிங் கால்குலேட்டரில், விசையைப் பார்க்காமலே தட்டினார். கடகடவென்று காகிதச் சுருள் வெளியே வந்தது. பிறகு வழக்கம்போல் சரிபார்ப்பு. நான் மறுபடி வாசிக்க, அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டார். கடைசியில் கையெழுத்தும் போட்டு, தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

தாளில் ஓர் எண்கூட இல்லை. ரிப்பனில் மை காய்ந்துபோயிருந்தது. வெறும் வெள்ளையில் வரிசையாக டிக்குகள் மட்டும்.

"டோட்டல் சரியா இருக்காம்மா?" என்றார்.

"சரியா இருக்குண்ணா."

பக்கத்து மேசையில் முதலாளி இருந்தார். வேறென்ன சொல்வேன்? பிறகு போனில் கூட்டிப் பார்த்து எழுதிக்கொண்டேன். புது ரிப்பனும் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் தினமும்போல் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுக் கூப்பிட்டார். "ஏறும்மா, பெரிய மார்க்கெட்ல எறக்கி வுட்டுட்டுப் போறேன்." அங்கிருந்து அவர் உழவர்கரையில் இருக்கும் தன் வீடு வரை ஓட்டிப் போக வேண்டும்.

"எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்குண்ணா, நீங்க போங்க" என்றேன்.

ஒரு வேலையும் இல்லை. அந்த வெள்ளைத் தாள்தான் கண்முன் நின்றது. அவரை ஸ்கூட்டரில் போகவிட்டு, நான் மட்டும் ஆட்டோவில் வந்தேன்.

வீடு சேர்ந்தாரா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்தேன். இதுவரை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் கேட்கிறாய் என்றால் என்ன சொல்வேன்?