வரிசையில் நின்ற மாப்பிள்ளைக்கு

பாசமுள்ள மாப்பிள்ளை ராமுவுக்கு,

நம் சிலிம் ரிவர் ஊரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நீ இல்லாததால் பாய் கடையில் சத்தம் மட்டும் குறைந்துவிட்டது. நம் மேசையில் இப்போது உட்காருகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தே தாரிக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

உனக்கு ஒரு சேதி. நீயும் நானும் அந்த மேசையில் போட்ட சண்டை இப்போது நாட்டுச் சண்டையாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டுமா, பணம் கட்டுகிறவர்களை அதே டாக்டர் சாயங்காலம் சீக்கிரமாகப் பார்க்கலாமா என்று கோட்டு போட்டவர்கள் டிவியில் பேசுகிறார்கள். நீ இருந்திருந்தால் டிவிக்குள்ளேயே புகுந்திருப்பாய்.

என் கட்சி உனக்குத் தெரியும். கையில் இருக்கிறவன் கட்டட்டும், இல்லாதவனுக்கு வரிசை குறையும் என்பேன். தோட்டத்தில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று நீ ஆரம்பிப்பாய். தோட்டத்தில் நமக்கு மருந்து கொடுக்கிற டிரஸர் கொடுத்த மாத்திரை, துரைக்கு உடம்புக்கு வந்தால் ஈப்போவுக்குக் கார். அரசாங்க ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் டத்தோ பட்டம் வாங்கினவரும் ரப்பர் பால் வெட்டினவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும். பேசத் தெரிந்தவனெல்லாம் தனி வாசலில் போய்விட்டால் இந்த வாசலில் கூரை ஒழுகும்போது யார் கேட்பார்கள் என்பாய். எந்த டத்தோ வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று நான் விடாமல் கேட்பேன்.

“வருவாருலா, பாத்துக்கிட்டே இரு” என்று சிரிப்பாய்.

அந்த வரிசையில் இருந்தபடியேதான் நீ போனாய். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் என்று சொல்லித் தேதி கொடுத்தார்கள். தேதி தூரத்தில் இருந்தது. எங்காவது காசு புரட்டுவோம் என்று கெஞ்சினேன். எனக்கு முன்னால் நிற்கிறவனுக்கு நெஞ்சு இல்லையா மச்சான் என்று கேட்டு என் வாயை அடைத்தாய். டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடியதை நானும்தான் பார்த்தேன். கோபமெல்லாம் உன் மேல்தான். ஒரு மனுஷன் தன் கட்சியை இவ்வளவு நம்ப வேண்டுமா?

இப்போது எனக்கும் அதே அடைப்பு. சிரிக்காதே. எனக்கும் தூரத்தில் ஒரு தேதி கிடைத்தது. அதைக் கேட்டதும் என் மகள் செல்விக்கு முகம் செத்துவிட்டது. எனக்காக அவள் எடுத்திருந்த இன்சூரன்ஸ், கம்பெனி தவணையை ஏற்றிக்கொண்டே போனதில் கட்ட முடியாமல் நின்றுபோயிருந்தது. வீடு வாங்கச் சேர்த்ததை எடுத்து ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்துவிடலாம் என்றாள். இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள், பிள்ளைகள் ஹாலில்தான் படுக்கிறார்கள். மாமா நின்ற வரிசையிலேயே நானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் உன் கட்சிக்கு மாறிவிட்டதாக அவள் நினைத்திருப்பாள். கட்சியாவது ஒன்றாவது, பேரப்பிள்ளைகளின் வீட்டை எடுத்து என் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

செல்வி நேராகப் போய் உன் லட்சுமியிடம் சொல்லியிருக்கிறாள். என் தங்கை என்னைத் தேடி வந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம், உன்னை ஆபரேஷனுக்கு வரச் சொல்லி. பேசினது ஒரு நர்ஸ் மிஸ்ஸி. நீ இல்லை என்றதும் வருத்தம் சொல்லிவிட்டு, இந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறாள்.

“குடுத்துருங்கன்னு சொன்னேண்ணே. அவரு இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாரு.”

அப்படியானால் நானும் வரிசையில் இருப்பதுதானே சரி என்று கேட்டேன். லட்சுமி கோபப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றுதான் பார்த்தேன்.

“அந்த மாதிரி போன் இன்னொரு தடவ வந்து நம்ம வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது. காசு கட்டிப் போய்ச் செஞ்சுக்கண்ணே.”

உன் இடத்தில் படுத்தவர் யாராக இருக்கும், மாப்பிள்ளை? தாப்பா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரோ? தெலுக் இந்தான் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பாரோ? நம் வயதில் யாராவது மூச்சு வாங்காமல் படியேறினால் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

நாளை மறுநாள் எனக்கு ஈப்போவில் ஆபரேஷன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து என் தேதியை விட்டுக்கொடுத்துவிட்டோம். முன்பணம் கட்டப் போனபோது செல்வி சிரித்த முகமாகத்தான் கார்டை நீட்டினாள். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். கையில் இருக்கிறவன் கட்டட்டும் என்று எத்தனை தடவை மேசையைத் தட்டியிருப்பேன்? என் மகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ இருந்தால் என்னை எப்படியெல்லாம் கிண்டல் செய்திருப்பாய். அந்தக் கிண்டலுக்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பிழைத்து வந்தால், எதிரே யார் உட்கார்ந்தாலும் இனி உன் பக்கம்தான் பேசுவேன். எல்லாருக்கும் ஒரே வரிசைதான், ஆனால் அதில் நிற்கிறவன் சாகாத அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும், அதற்கு டாக்டரும் கட்டிலும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் நாடு போட வேண்டும் என்று சொல்வேன். எந்த வீட்டுப் பெண்ணும் செல்வி மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

நீ சொன்னதுதான் சரி. என் வாயால் இதைக் கேட்க எத்தனை வருஷம் மல்லுக்கு நின்றாய். ஒரே ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போயேன், மாப்பிள்ளை.

உன் லட்சுமியின் அண்ணன்,
என்றும் உன் மச்சான்
வேலு