ஒரே நம்பர் போட்ட இரண்டு வாட்ச்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் தெரிய வேண்டும் என்றுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது போன் கிடைக்காது என்று நீ சொல்லியிருக்கிறாய். உங்கள் கம்பெனி ஆபீசில் கேட்டேன். அடுத்த துறைமுகத்து விலாசத்துக்கு எழுதிப் போடுங்கள், கப்பல் வந்ததும் கொடுப்பார்கள் என்றார்கள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அச்சகத்தில் இத்தனை வருஷம் பேப்பர் வெட்டியவனே தவிர, அதில் எழுதியவன் இல்லை.

வீட்டுச் செய்தி: மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான் கை வைத்ததும் அதில் தண்ணீர் வருவதே நின்றுபோனது. அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லி எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கப்பலேறும் முன் நாம் இருவரும் நடைபாதைக் கடையில் ஒரே தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்தோமே, டூப்ளிகேட் வாட்ச், அதில் என்னுடையது தகராறு செய்ய ஆரம்பித்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாவி கொடுப்பேன். முதலில் வழுவழுவென்று சுற்றிய திருகு, வரவர ஒரு சுற்றுக்கே கல்லாக இறுகிக்கொண்டது. ஆனால் நேரம் மட்டும் பிசகவில்லை. திருகை வெளியே இழுத்து, உள்ளே அழுத்திப் பார்த்தேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் வாட்சுக்கு ஒரு சொட்டு விட்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணிக்கு மிச்சத்தை விட்டேன். அன்றைக்கு நான் வாங்கியதை எழுதினால் தபால் கனத்துவிடும்.

போன துறைமுகத்திலிருந்து நீ போன் செய்தபோது இதைச் சொன்னேன், சிரித்தாய். என்னுடையதும் அப்படித்தான் இறுகுதுப்பா, டூப்ளிகேட்னா சும்மாவா என்றாய். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி, முறுக்காதே, உள்ளே பல் உடைந்துவிடும் என்று புத்தி சொன்னேன். கடைசியாக உன் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறே இல்லை என்றார். ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியிருக்கிறதாம். வயிறு முட்டத் தின்றவன் வாயில் இன்னும் திணித்தால் அவன் பல்லைக் கடிக்காமல் என்ன செய்வான் சார், உங்களுக்கு முன்னாலேயே வீட்டில் வேறு யாரோ சாவி கொடுத்துவிடுகிறார்கள் என்றார்.

அம்மாவைக் கேட்டேன். இந்த வீட்ல நான் சாவி கொடுத்து ஓட்டறது உங்க ஒருத்தரைத்தான், அதுக்கே கை விட்டுப்போகுது, இதுல இன்னொண்ணா என்றாள்.

சரி, கடையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். கடைக்காரர் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் போனபோது மனுஷர் அந்தப் பெட்டியை விட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்சைப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்து, கூலியும் வேண்டாம், இதைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம் என்றார். பின்மூடியில் இருந்த நம்பரைப் பற்றி மட்டும் கேட்டார், இதே நம்பரில் இன்னொன்று எங்காவது இருக்கிறதா என்று.

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிய அன்றைக்கே நீ இரண்டையும் திருப்பிப் பார்த்து, ஒரு அசலைப் பார்த்துக் காப்பியடித்த சோம்பேறிகள் நம்பரைக்கூட மாற்றிப் போடவில்லை என்றாய். இருக்கிறது, என் மகள் கையில் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஷட்டரை இறக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வாட்சை மேஜையில் வைத்துவிட்டு நானும் அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திருகு தானாகச் சுற்றியது. இரண்டு சுற்று, நின்றது. மறுபடி இரண்டு சுற்று, நின்றது. நான் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன். அம்மா அசையவில்லை. ஏன் இப்படிப் பயந்து சாகறீங்க, அவ இருக்கற பக்கம் இப்பத்தான் விடியுது, பாப்பா முழிச்சுட்டா, அவ்வளவுதான் என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு சுற்று கொடுத்துவிட்டு, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடி இரண்டு சுற்று கொடுப்பது நீ. வேறு யாரும் அப்படிச் சாவி கொடுத்து நான் பார்த்ததில்லை. உன் கை என் வாட்சை நிரப்ப, என் கை உன் வாட்சை இறுக்கியிருக்கிறது.

அதோடு நான் சாவி கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன். தினமும் டீ நேரத்தில் அதன் எதிரே உட்காருவோம். அம்மா அதனிடம் குசலம் விசாரிப்பாள், சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்று. கேலி செய்து பார்த்தேன். பிறகு நானும் விசாரிக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் ஒரு நாள் திருகு சுற்றவில்லை. மறுநாளும் இல்லை. வாட்ச் நின்றுபோனது. கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். அந்தப் பக்கம் புயல், கப்பலோடு தொடர்பு கிடைக்கவில்லை, தெரிந்ததும் சொல்கிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து நானே சாவி கொடுத்தேன். கோளாறு சரியாகிவிட்டது, பாப்பா. வழுவழுவென்று சுற்றுகிறது. விரல் கொப்பளிக்கும்வரை சுற்றினேன். இறுகவே இல்லை.

நேற்று டீ நேரத்தில் திருகு மறுபடி சுற்றியது. அம்மா டம்ளரைப் போட்டுவிட்டு, பாப்பா முழிச்சுட்டா, பாப்பா முழிச்சுட்டா என்று அழுதாள், சிரித்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அது நடுவில் நிற்கவில்லை. மெதுவாக, ஒரே இழுப்பாக, இறுகும்வரை சுற்றியது. இறுகிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட யாரும் காதில் வைத்துக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் பூத்திருக்கிறது. இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

கூட வேலை செய்யும் யாருக்காவது நீ இரவல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் தப்பே இல்லை. கொடுத்தேன் என்று ஒரு வரி போடு, போதும்.

இதைப் பிரித்தது பாப்பா இல்லையென்றால், பிரித்தவருக்கு: நீங்கள் யாராக இருந்தாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு முறுக்காதீர்கள், ஸ்பிரிங் அறுந்துவிடும். வாட்சை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கொடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா