லீவரில் இருந்த கை

9 ஜனவரி 2025, வியாழன்

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு இறங்கினோம். ஏழு மணிக்கெல்லாம் காற்று அடங்கிவிட்டது. மாம்புரிக் கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் மேற்கே, எங்கள் இடம். ஆழம் இருநூற்று முப்பது மீட்டர். கலவாய் மூன்று, சிவப்பு மீன் பதினொன்று. பெரிய கலவாய் ஒன்பது கிலோ.

கையால் இழுத்த காலத்தில் அந்த ஆழத்திலிருந்து ஒரு தூண்டிலை ஏற்ற இருபது நிமிடம் போகும், உள்ளங்கைத் தோலும் கூடவே போகும். இப்போது பட்டறியில் ஓடும் ரீலின் லீவரைத் தள்ளினால் நாலு நிமிடம். அந்தக் கரண்ட் ரீலைப் புது மருமகனைக் கவனிப்பதுபோல் கவனிக்கிறேன். றுமைஸாவுக்குப் பொறாமை. "மெசினுக்கு எண்ணெ, மெசினுக்குத் துணி. எனக்கு ஒரு தலைவலிக் குளிசை வாங்கிட்டு வர நேரமில்ல" என்கிறாள். பெண்டாட்டி சொன்னதில் பொய் இல்லை.

அஸ்மின் மட்டும் மெசினை முழுதாக நம்புவதில்லை. என் தங்கை மர்ஷூதாவைக் கட்டியவன். ஏழு வருடமாக என்னோடு ஒரே போட். தூண்டில் கம்பின் நுனி ஆடுவதைப் பார்த்தால் போதும் என்றால் கேட்கமாட்டான். நூலைத் தொட்டுப் பார்த்துத்தான் தூண்டிலில் சிக்கியது கல்லா மீனா என்று சொல்வான். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு முறை: லீவரைத் தள்ள முன் நான் "கை?" என்று கேட்க வேண்டும். "எடுத்தாச்சி" என்று அவன் சொன்ன பிறகுதான் தள்ளலாம்.

வரும் வழியில் இப்றாஹிம் நானாவின் நீலப் போட் எங்களைக் கண்டு திரும்பியது. உடனே நான் என்ஜின் மூடியைத் திறந்து பழுது பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர்களுக்கு நம் இடம் தெரிந்தால் ஒரே மாதத்தில் துடைத்துவிடுவார்கள். அஸ்மின் விழுந்து விழுந்து சிரித்தான்.

13 ஜனவரி, திங்கள்

காற்று. போகவில்லை. பட்டறி சார்ஜ் போட்டேன்.

18 ஜனவரி, சனி

அஸ்மினுக்குக் கையில் அடி. வலது கை, சுட்டு விரலும் நடு விரலும். ஓடிக்கொண்டிருந்த நூலில் கையை வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

20 ஜனவரி, திங்கள்

மேலே எழுதியது பொய். யாரும் படிக்காத கொப்பியிலும் பொய் எழுதியிருக்கிறேன் – நான் என்ன மனிதன்?

நடந்தது இதுதான். ஒன்பது மணியிருக்கும். நூல் கீழே இருந்தது. அஸ்மின் முன்பக்கம் குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீரோட்டம் கடுமை, அதனால் இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தான். கையால் இழுத்துப் பழகியவர்கள் எல்லோரும் செய்வது. அந்தக் காலத்துத் தங்கூசி நூல் தடிப்பு. சுற்றினால் சிவக்கும், வலிக்கும், அவ்வளவுதான். ரீலின் பின்னல் நூல் தையல் நூலை விடக் கொஞ்சம்தான் தடிப்பு, இறுகினால் அறுத்துவிடும். சுற்றாதே, சுற்றாதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் இப்போது ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

தலையை நிமிர்த்தினேன். நீலப் போட் நேரே எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தூண்டில் கீழே இருப்பதைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதுதான் என் தலைக்குள் ஓடியது, வேறு ஒன்றுமே இல்லை. லீவரை முழுவதும் தள்ளிவிட்டேன். "கை?" என்று கேட்கவில்லை. அஸ்மின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் கத்தவில்லை. "மச்சான்" என்று மட்டும் சொன்னான், சாதாரணமாகக் கூப்பிடுவதுபோல்.

நூலை வெட்டிவிட்டு, உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அவன் கையில் கட்டினேன். என்ஜினை முழு வேகத்தில் விட்டேன். நீலப் போட்டிலிருந்து கை காட்டினார்கள். நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். மர்ஷூதா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என் வாய் தானாகச் சொன்னது: "மெசின் ஓடேக்குள்ள கைய வெச்சிட்டார்." அஸ்மின் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடந்தான். டொக்டர் அவனையும் கேட்டார். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு "ஓம்" என்றான்.

ஏன் ஓம் என்றாய்? ஏன்டா ஓம் எண்டனி?

24 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் இதே கதைதான். "மெசின்ல போய் கைய வெப்பாங்களா, சின்னப் புள்ளயா அவன்?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் தோளைத் தட்டி, நான் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததால்தான் கை மிஞ்சியது என்றார். எனக்காக அல்லாஹ்விடம் துஆ வேறு செய்தார். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அஸ்மினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மர்ஷூதா அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, அண்ணன் என்று என்னைக் காட்டித் திட்டுகிறாள். "நானா எத்தின தரம் செல்லீப்பார்? கேட்டீங்களா?" அவன் வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொண்டான்.

28 ஜனவரி, செவ்வாய்

கடலுக்குப் போகவில்லை. இன்று காற்றும் இல்லை, சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

1 பெப்ரவரி, சனி

பக்கத்து வீட்டு ஃபைஸல் வருகிறேன் என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். லீவரைத் தொடும்போதெல்லாம் "கை? கை? கை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஃபைஸல் சிரித்தான். "என்ன நானா, கிளி மாதிரி."

ஐந்து கலவாய். அதில் நல்லது ஒன்றை அஸ்மின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்குக் கறிக்கு மீன் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை விற்பது எங்கள் கரையின் வழக்கம். விதவை வீடு, நோயாளி வீடு, கால் முறிந்து கிடப்பவன் வீடு. மர்ஷூதா வாங்கிக்கொண்டு, "அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும் நானா" என்றாள்.

அஸ்மின் கதிரையில் உட்கார்ந்திருந்தான். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டான். வடக்கே என்றேன். எந்த ஆழத்தில் கடித்தது என்று கேட்டான். சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அரை மணி நேரம் பட்டறியைப் பற்றிக் கதைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

6 பெப்ரவரி, வியாழன்

அஸ்மினின் கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. இரண்டு விரலும் அடியோடு இல்லை. பல்லாலும் இடது கையாலும் தூண்டில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். நான் பார்க்க நாலு தடவை அவிழ்ந்தது. ஐந்தாவது நின்றது.

"அடுத்த கிழம கடலுக்குப் போற" என்றான்.

"ரீல் ரெடியா இரிக்கி" என்றேன்.

"ஒங்கட போட்டுக்கு இல்ல, மச்சான். இப்றாஹிம் நானாட்ட கேக்கப் போறன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். எனக்கு அது சுலபம்.

9 பெப்ரவரி, ஞாயிறு

தேத்தண்ணிக் கடையில் இப்றாஹிம் நானா என் பக்கத்தில் வந்து இருந்தார். அஸ்மின் தன்னிடம் கேட்டதாகச் சொன்னார். "நல்ல கைக்காரன்தான். ஆனா கவனமில்லாத ஆள ஏத்திட்டுப் போக ஏலாது ஜபார். எண்ட போட்ல நாலு பேரு வாறாங்க. நீங்களே செல்லுங்க, ஏத்துவீங்களா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அது என் பிழை என்றிருந்தால் முடிந்திருக்கும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. அதையும் குடித்தேன்.

சொல்லிவிட்டால் என் போட்டில் யார் ஏறுவார்கள்? இந்தப் பயம்தான். வேறு பெயர் வைத்து என்ன பயன்.

11 பெப்ரவரி, செவ்வாய்

மத்தியானம் றுமைஸா, அஸ்மின் மதுரங்குளியில் ஒரு இரும்புக்கடைக்கு வேலைக்குப் போகப் போகிறான் என்றாள். அவன் மூன்று போட்டில் கேட்டானாம். மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்களாம். பத்து வயதில் கடலில் இறங்கியவன் ஆணி நிறுத்துக்கொண்டு இருக்கப் போகிறான். மர்ஷூதா, "என்ட மனுசன் விரலோட புத்தியயும் கடல்ல போட்டுட்டு வந்துட்டார்" என்று சொல்லி அழுதாளாம்.

றுமைஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, "இத என்னத்துக்கு எனக்குச் செல்றீங்க? நான் எந்த போட்ட வெச்சிரிக்கன் அவர ஏத்த?" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து அவளே, "சென்னா ஒங்களோட ஒருத்தரும் வரமாட்டாங்க, என்ன?" என்றாள்.

"ஓம்."

"சரி" என்று சொல்லி மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள்.

13 பெப்ரவரி, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

14 பெப்ரவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு மீனவர் சங்கக் கூட்டம், கரையில் உள்ள கொட்டகையில். அஸ்மின் வரவில்லை. ஐஸ் லொறி வராததைப் பற்றிக் கதைத்து முடித்ததும் எழுந்தேன். அழகாகச் சொல்ல எண்ணி வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அஸ்மின் கைய வெச்சதில்ல. அவன் கை நூல்ல இரிக்கேக்குள்ள நான்தான் லீவரத் தள்ளின. கேக்காமத் தள்ளின. பிறகு பொய் சென்ன."

ஃபைஸல்தான் முதலில் எழுந்தான். "அப்ப ரெண்டு கிழமயா நான் ஒங்கட லீவருக்கு முன்னாலயா நானா இரிந்த?" அவன் முகம் வெளுத்திருந்தது.

இப்றாஹிம் நானா, என்ன அவசரம் என்று கேட்டார். அவருடைய போட் வந்தது, இடத்தை மறைக்கப் பார்த்தேன் என்றேன். அவர் சொன்னார்: "எங்கட தண்ணிக் கேன் கவிந்து போச்சி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கேக்கத்தான் வந்த. நீங்க ஓடினத்தப் பாத்து நாங்க சிரிச்ச ஜபார்."

15 பெப்ரவரி, சனி

அஸ்மின் வந்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பைத்தியம்.

வாசலிலேயே நின்று, "ஆரக் கேட்டுச் சென்னீங்க?" என்றான். "நான் ஓம் எண்டு சென்ன ஒங்களுக்காக எண்டா நெனச்சீங்க? மர்ஷூதாக்கு வாப்பாவுமில்ல, உம்மாவுமில்ல. ஒரு நானாதான். அதுவும் இல்லாமப் போயிரும் எண்டு ஓம் எண்டன். இப்ப அவ ஒங்களோடயும் கதைக்க மாட்டா. பொய்க்கு ஓம் எண்டத்துக்கு என்னோடயும் கதைக்கிறாளில்ல. நேத்து சோறு ஆக்கல்ல."

"இருந்துட்டுப் போ அஸ்மின்" என்றேன்.

"ஒங்கட பாரத்த எறக்கி வெச்சிட்டீங்க. நல்லம்." போய்விட்டான்.

அவன் சொன்னது முழுக்கச் சரியா? பாதி சரி. அந்தப் பாதியே எனக்குப் போதும்.

18 பெப்ரவரி, செவ்வாய்

ஃபைஸல் வரமாட்டானாம், மனைவி விடமாட்டேன் என்கிறாளாம். வேறு இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவனுக்கு இடுப்பு வலி. மற்றவன் சாக்குக்கூடச் சொல்லவில்லை. நேர்மையானவன்.

போட் மணலில் கிடக்கிறது. இருநூற்று முப்பது மீட்டருக்கு ஒருவன் தனியாகப் போக முடியாது. ஒரு கை என்ஜினில் இருக்க வேண்டும், ஒரு கை நூலில் இருக்க வேண்டும்.

22 பெப்ரவரி, சனி

இப்றாஹிம் நானா அஸ்மினைச் சேர்த்துக்கொண்டார். காலையில் நீலப் போட்டைத் தண்ணீரில் இறக்க எல்லோரோடும் சேர்ந்து நானும் தள்ளினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அஸ்மின் முன்பக்கம் ஏறி இருந்தான். முடிச்சுப் போட்ட தூண்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. போட் அலையைத் தாண்டும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

பொறாமையாக இருந்தது. சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

24 பெப்ரவரி, திங்கள்

ஒன்றுமில்லை. ரீலைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

27 பெப்ரவரி, வியாழன்

நோன்புக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான். றுமைஸா வீடு கழுவினாள். நான் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். பகலில் வீட்டிலேயே இருக்கும் ஆம்பிளைக்கு வேறு என்ன வேலை.

மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது வாசல் படலையில் மர்ஷூதா நின்றாள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். முகம் மெலிந்திருந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை. கையில் ஒரு பை. அதை நீட்டினாள்.

"அவர் தரச் சென்னார். கறிக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். நானா என்று கூப்பிடவில்லை. நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் திரும்பிப் போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

றுமைஸா பையைச் சட்டியில் கவிழ்த்தாள். கலவாய், சுத்தம் செய்து வெட்டியது. ஒரு துண்டு விரல் தடிப்பு, அடுத்தது அதில் மூன்று மடங்கு. சில துண்டு கோணலாகப் போய் முள்ளில் நின்றிருந்தது. அந்த இடத்தில் கத்தி இரண்டு மூன்று தடவை இறங்கியிருந்தது. மர்ஷூதா மீன் வெட்டினால் அளந்து வைத்ததுபோல் இருக்கும். இது இடது கை வெட்டியது.

"இத ஆரு வெட்டின?" என்றாள் றுமைஸா. பிறகு அவளுக்கே விளங்கிவிட்டது. துண்டுகளை அப்படியே கழுவிக் கறிக்குப் போட்டாள்.