அட்டைக்கடி நிற்கும்வரை

அறிவியல் ஆய்வகத்துப் பீரோவின் பின்னால் கிடந்த அந்தக் கறுப்பு உடையை இன்று வெளியே இழுத்தேன். பழைய டிராக்டர் டியூபின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே, வயிற்றுப் பக்கத்தில், உன்னால் ஊத முடியாமல் போன சிவப்பு பலூன் ரப்பரோடு ஒட்டிக் கிடக்கிறது. வெளியே ஐப்பசி மழை. இந்த வருட முகாமுக்கு உடை வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

போன வருடம் இதே மழையில்தான் ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டும் வேலை நம் இருவரிடமும் வந்தது. அதற்கு முந்தைய முகாமில் ஒருவரும் வராமல், கொடுப்பவர்களுக்கென்று வாங்கிய பிஸ்கட்டை டாக்டரம்மாவும் நர்சுகளுமே தின்றுவிட்டு மலையிறங்கினார்கள். நமக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை, நாம் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவர்களோ, ரத்தம் போனால் மிளகு பறிக்க மரம் ஏற முடியாது என்று பயந்தார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, குருதிக்கொடையின் மேன்மை பற்றி ஓர் உரை எழுதி வந்தேன். நீ முதல் பத்தியைப் படித்துவிட்டுத் தாளை மடித்தாய்.

"இதைக் கேட்டா இருக்கிற ரத்தமும் உறைஞ்சிரும்டி."

பிறகு ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னாய். "மழை வந்தா அட்டைக்குத் தினமும் குடுக்கறோம். அதுக்கு யாராச்சும் பயந்தாங்களா? அட்டையே வந்து கேக்கட்டும்."

அப்படித்தான் அந்த வீடியோ பிறந்தது. டியூபை வெட்டித் தைத்து நீ அட்டையானாய். காலில் கடிபடும் விவசாயியாக உன் மாமா. நம் மலையின் குண்டனி நாட்டு ஊர்களுக்குள் ஜீப் ஓட்டுகிறவர், ஊசி என்றாலே ஓடுகிறவர். "நடிக்கத்தான் வாரேன் கண்ணு, முகாமுக்கெல்லாம் கூப்பிடக் கூடாது" என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார்.

அட்டை குடிக்கக் குடிக்க வயிறு வீங்க வேண்டும். அதற்குத்தான் பலூன். நீ இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய். உதடு வெளுத்திருந்தது. "டியூபுக்குள்ள காத்தே இல்லடி" என்றாய். நான் ஊதிக் கொடுத்தேன். உன் கையில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கொசுக்கடி என்றாய்.

படம் எடுக்கும்போதே நிஜ அட்டை ஒன்று உன் கணுக்காலைக் கடித்தது. "பாருங்க மாமா, சொந்தக்காரங்க வந்துட்டாங்க!" என்று நீ கத்த, மாமா சிரித்து விழுந்தார். அதையும் அப்படியே வைத்துக்கொண்டோம். ரத்தம் வழிய வழிய நீ வசனம் பேசினாய்:

"ஏனுங்கண்ணா, நான் கேக்காமயே குடிச்சேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா? டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறாங்க, ஓடறீங்களே! அவங்க பிஸ்கட்டாச்சும் தாராங்க. நான் என்னத்தைத் தந்தேன்? பயப்படாதீங்க, வயிறு நிறைஞ்சா நானே விழுந்துருவேன்."

மறுநாள் காலையிலும் உன் சாக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது. தோட்டத்துக்குப் போகிற அக்காக்கள் எட்டிப் பார்த்து, "அட்டைக்கடி அப்படித்தான் கண்ணு, சுண்ணாம்பு வை" என்றார்கள். இந்த மலையில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அட்டை கடித்தால் ரத்தம் சட்டென்று நிற்காது. குழந்தையிலிருந்தே நமக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் என்பதால்தான் யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

வீடியோ அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, கட்டட வேலைக்குப் போனவர்களின் போன்களில் ஏறி, நமக்குப் பேர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனது. வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: 'காலில் ரத்தம் நிஜம் போலவே இருக்கிறதே, என்ன கலர் பூசினீர்கள்?' 'அசல்ங்க' என்று நீ பதில் போட்டாய். சிரித்தோம். இப்போது அந்தக் கேள்வியை மட்டும் என்னால் திறந்து பார்க்க முடிவதில்லை.

முகாம் அன்று செம்மேட்டில் வரிசை ரோடு வரைக்கும் வந்தது. எடப்புளி நாட்டிலிருந்து என் அப்பாவும் வந்து நின்றார். நீ அட்டை உடையில் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு, "எனக்கு மிச்சம் வைங்கண்ணா" என்றாய். ஆட்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் நீ சரிந்தாய். அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

டாக்டரம்மா வந்து உன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். கணுக்காலில் இன்னும் ஆறாத கடிவாயைப் பார்த்தார். "இது கடிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பொண்ணு வீட்டுல இருந்து யாரு வந்திருக்கீங்க?" என்றார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. ரத்தம் எடுக்க நாம் வரவழைத்த வேனிலேயே நீ மலை இறங்கினாய்.

எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்திலேயே நோய் என்றார்கள். சேலத்தில் நீ படுத்திருந்தபோது, மிளகு அறுவடையை விட்டுவிட்டு ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்கினார்கள். முதல் ஆள் உன் மாமா. ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வீடியோவுல பயந்தது நடிப்பில்ல சாமி" என்றார். எல்லோரும் கொடுத்தார்கள். ஏற்ற ஏற்ற உன் முகம் கொஞ்ச நேரம் சிவக்கும், பிறகு பழையபடி வெளுக்கும்.

கடைசியாகப் பார்த்தபோது, மேலே தொங்கிய ரத்தப் பையைக் காட்டிச் சொன்னாய். "அட்டைக்கு வயிறு நிறைஞ்சிருச்சுடி. இனி தானா விழுந்துரும். புடுங்காதீங்க." நீ மட்டும்தான் சிரித்தாய். தைப்பொங்கலுக்கு நீ இல்லை.

பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். உடையைக் கொடுக்கப் போவதில்லை, நானே போட்டுக்கொள்ளப் போகிறேன். உன்னைப் போல எனக்குச் சிரிக்கவைக்க வராது. ஆனாலும் உன் வசனத்தை ஓர் எழுத்து மாற்றாமல் சொல்வேன். முடிவில் என்னுடையதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: "ஏனுங்க, நான் கடிச்ச இடத்துல மறுநாளும் ரத்தம் நிக்கலைன்னா, என் மேல பழியைப் போட்டுட்டுச் சும்மா இருந்துராதீங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க."

இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் என் காலிலும் ஒன்று ஏறியிருந்தது. நான் பிடுங்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து, அது விழும்வரை பார்த்தேன். பிறகு ரத்தம் நிற்கும்வரை பார்த்தேன். அதற்குள் பள்ளியில் முதல் மணி அடித்துவிட்டது. ரத்தம் நின்ற பிறகுதான் எழுந்தேன்.