ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நகரி
சனிக்கிழமை

அன்பு மகன் கோபிகிருஷ்ணனுக்கு, நீ பிறந்த தெருவின் முடிசூடா மன்னனும் இரண்டு முழங்கால் வலிக்கு ஏகபோகச் சொந்தக்காரனுமான உன் சின்ன நைனா, உன் அப்பனுக்குத் தம்பி, வீராசாமி எழுதுவது. இங்கே நான், உன் பெண்டாட்டி மஞ்சு, உன் மகள் சந்தியா மூவரும் தின்று தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறோம். குவைத் வெயிலில் நீ வற்றிப்போகாமல் இருக்கக் காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் நான் சத்தம் போட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் இதை எழுதி மஞ்சுவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏண்டா, ஸ்கூலிலிருந்து போன் வந்ததும் என்ன ஏது என்று விசாரிக்காமல் குழந்தையை ஸாரி சொல்லச் சொன்னாயாமே! நடந்ததைக் கேள். சுற்றுச்சூழல் பாடப் பரீட்சையில், உங்கள் வீட்டருகே ஓடும் நீரின் நிறம் என்ன என்று ஒரு கேள்வி. நம் தெருக் காவாயில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுவது உனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை சிவப்பு, வியாழக்கிழமை பச்சை, ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, அன்றைக்கு மட்டும் தண்ணீர்க் கலர் என்று எழுதியிருக்கிறாள். சார் பூஜ்யம் போட்டு, வகுப்பே சிரிக்கப் படித்துக்காட்டி, ‘நீள்ளக்கு ரங்கு லேது’, தண்ணீருக்கு நிறமில்லை, என்று நூறு தடவை எழுத வைத்தாராம். எழுதினாள். மறுநாள் வியாழன். ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்துவிட்டாள். அது அவரை அவமானப்படுத்தியதாம், திங்கட்கிழமை பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்!

நேற்று நானே படையெடுத்துப் போனேன். நான் போட்ட சத்தத்தில் திருப்பதி ஏழு மலையும் ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஹெட்மாஸ்டர் மட்டும் அசையவில்லை. புஸ்தகத்துல இருக்கறத எழுதினா மார்க்கு, இல்லாததுக்கு நான் எங்க போறது பெத்தாயனா, பெரியவரே, என்றார். அவர் தலைக்கு மேலேயே சந்தியா வரைந்த ஆறு மாட்டியிருந்தது, நல்ல நீலம், டிராயிங் டீச்சர் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறாள். ஒரே ஸ்கூல்ல ஒருத்தருக்கு நிறமே இல்ல, ஒருத்தருக்கு நீலம், மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வாங்க, அப்பறம் கொயந்தைய கேளுங்க என்று சொல்லிவிட்டு, பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பச்சை இன்னும் தெளியவில்லை.

ஆனால் உன் போன் வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி என் பக்கத்தில் வந்து, தாத்தா, நான் பாத்துக்கினு தானே எழுதுனேன், நைனா கூட பொய்னு நெனச்சிக்கிச்சா என்று கேட்டாள். வாயால் ஊரை விற்கிற நான், அதை உன் நைனாவே சொல்லட்டும் என்று அவளுக்குப் போர்த்திவிட்டேன். அது நீ சொல்ல வேண்டிய பதில்.

நாளை ஞாயிறு, காவாய் தெளிந்திருக்கும். அவளைக் கூப்பிட்டு, நீ எழுதியது சரி, ஸாரி வேண்டாம் என்று உன் வாயால் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, நிழலில் நின்று வேலை பார். வரசித்தி விநாயகர் உன்னைக் காக்கட்டும்.

மறக்காதே, திங்கட்கிழமை சிவப்பு. பெரிய பாட்டிலாக ஒன்று கழுவி வைத்திருக்கிறேன், பிரேயருக்கு நானும் போகிறேன்.

உன் சின்ன நைனா,
வீராசாமி