கட் பண்ணினால் சுகம்

திருப்பரங்குன்றம்,
3.6.2002, திங்கள்.

அன்பு மகன் ஹரிஷ்குமாருக்கு அம்மா வசுந்தரா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. குன்றத்து முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் பிருந்தாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பின்லாந்தில் இப்போது கோடை என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பிருந்தாவுக்கு இன்று பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, பத்தாம் வகுப்பு, பொறுப்பு வந்ததாகத் தெரியவில்லை. அப்பா கடைக்குப் போய் வருகிறார். நீ வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடியும்வரை லீவு கேட்காதே, யார் என்ன சொன்னாலும் கேட்காதே. இங்கே உன்னைத் தேடும்படி ஒன்றும் இல்லை.

அண்ணா, இதுவரை இருப்பது அம்மா வீட்டில் மட்டும் பேசும் நம் பாஷையில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதியது. மீதி இடத்தைக் காலியாக விட்டு ஒட்டிவிடு என்றாள், நான் ஒட்டவில்லை. இருவரும் தூங்கிவிட்டார்கள், நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டிரம் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உனக்கு எதுவும் எழுதக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, எனக்கு ஆனால் பரவாயில்லை, அம்மாவுக்கு ஆகிவிடுமோ என்றுதான் நாலு நாளாக எழுதாமல் இருந்தேன்.

அம்மாவுக்குச் சித்திரையிலிருந்து தொண்டை கட்டியிருந்தது. வெயிலுக்கு ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்று மிளகுப்பால் குடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் மூன்று முறை போய்விட்டோம். இந்த மாதம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொன்னார், அதை நான் என் காதால் கேட்டேன், நீ பதறாதே. ஆனால் கட்டி இருக்கும் இடத்தில்தான் பேச்சுக்கான நரம்பு ஓடுகிறதாம். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பலாம், வேறு மாதிரி ஆகலாம், வராமலும் போகலாம், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இப்போதே அம்மா காற்றும் குரலுமாகத்தான் பேசுகிறாள், மேலே உள்ள பத்து வரியைச் சொல்ல நடுவில் இரண்டு தடவை வெந்நீர் குடித்தாள்.

உனக்கு இது ஏன் தெரியவில்லை என்றால் நீ ஏற்படுத்திவிட்டுப் போன முறையால்தான், குற்றமாகச் சொல்லவில்லை. இரவு எட்டரைக்கு நீ அடிப்பாய், இரண்டாவது மணிக்குள் நாங்கள் கட் பண்ணினால் எல்லாரும் சுகம், கட் பண்ணாமல் அடிக்கவிட்டால் ஏதோ பிரச்சினை, நீ திரும்பக் கூப்பிட்டுப் பேசுவாய். எடுத்தால் இங்கேயும் காசு போகும், சார்ஜும் போகும். உன் வேலையும் இதே மாதிரிதான் என்று எழுதியிருந்தாயே, செல்போன் முழுநேரமும் விழித்திருந்தால் பேட்டரி தாங்காது, அதனால் அது தூங்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து தன்னை யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும், லட்சம் போன்களும் ஒரே பாதையில் பேசுவதால் ஒவ்வொன்றும் சொல்ல வேண்டியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு வழிவிட வேண்டும், அந்தச் சுருக்கத்தை இன்னும் சுருக்குவதுதான் உங்கள் வேலை என்று. அம்மா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசிக்கச் சொன்னாள் தெரியுமா. பக்கத்து வீட்டு ராமக்காள் அத்தை, உன் மகன் அங்க என்னதான் வேலை பாக்குறான் என்று கேட்டதற்கு, “போனுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கிறான், அம்புட்டுத்தான்” என்றாள். அத்தை நம்பிவிட்டாள். ஆனால் நீ வேண்டாமென்று சொல்லியும் பகலெல்லாம் போனை அணைத்துத் துணி சுற்றி பீரோவில்தான் வைக்கிறாள், தூங்குவதற்குக்கூடக் கொஞ்சம் சார்ஜ் போகுமில்ல என்கிறாள். எட்டேகாலுக்கு எடுத்துப் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள்.

குரல் கெட்டதிலிருந்து கட் பண்ணுவது அம்மா மட்டும்தான். பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், விரலுக்குத் தொண்டை கட்டாது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நீ அங்கே அந்தச் சத்தத்தைக் கேட்டு, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பாய். போன வெள்ளிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது, போன் என் கையில். அடிக்கவிட்டாலே போதும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம், நீயே திரும்பக் கூப்பிட்டிருப்பாய். ஆனால் குளியலறைக்குள்ளிருந்து அம்மா கதவைத் தட்டினாள், அவளால் கத்த முடியாது, அதனால் தட்டினாள். நான் கட் பண்ணிவிட்டேன். என் விரல்தான் அண்ணா. நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு, “பேச வேண்டியவங்ககிட்ட எல்லாம் அதுக்குள்ள பேசிக்கங்கம்மா” என்றார். அம்மா, எனக்கு வேண்டியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டரைக்கு நீ அடித்தாய், முதல் மணி முடியும் முன்பே கட் பண்ணிவிட்டாள். பிறகு நம்பர் தெரிந்த அந்தச் சின்ன வெளிச்சம் அணைகிற வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்ததும் இன்னொரு பட்டனை அழுத்தி மறுபடி வெளிச்சம் வரவைத்தாள். சார்ஜ் போகுமே என்று ஒரு நாளும் அப்படிச் செய்யாதவள்.

மருது அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடலாம் என்று பார்த்தேன், அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார். பிரவுசிங் சென்டருக்கு என்னைத் தனியாக விட மாட்டார்கள். கடிதம் வந்து சேர எட்டு நாளோ பத்து நாளோ, அதனால்தான் காலையிலேயே பள்ளிக்கூடம் போகும் வழியில் போட்டுவிடப் போகிறேன். நீ செய்ய வேண்டியது இதுதான். எட்டரைக்கு அடி, கட் பண்ணுவாள், நம்பாதே. உடனே அடி, மறுபடி கட் பண்ணுவாள். மூன்றாவது முறையும் அடி. அடுத்தடுத்து மூன்று முறை அடித்தால் உனக்கு அங்கே ஆபத்து என்று அர்த்தம், எடுத்தே ஆக வேண்டும் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். கண்டிப்பாக எடுப்பாள். பயந்துபோய்த்தான் எடுப்பாள், அந்தப் பாவம் என்னுடையது. எடுத்ததும் எனக்கு ஒன்றும் இல்லை என்று முதலில் சொல்லிவிடு. ஆபரேஷன் பற்றிக் கேட்காதே, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காதே, அழாதே. நம் பாஷையில் பேசு, அங்கே அதைப் பேச உனக்கும் யாரும் இல்லை. புளியோதரைக்கு எப்படிப் பொடி இடிப்பது என்று கேள், பாதி சொன்னதும் புரியவில்லை என்று சொல்லி முதலிலிருந்து சொல்லச் சொல். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் வைத்துவிடாதே.

முடிவில் எழுதச் சொன்ன ஆசீர்வாதத்தை மறக்காமல் எழுதுகிறேன். தீர்க்காயுசாக இரு, நேரத்துக்குத் தூங்கு, யாரிடமும் கோபித்துக்கொள்ளாதே என்று அம்மா சொல்கிறாள். புதன்கிழமை, பத்தொன்பதாம் தேதி வரைக்கும்தான் அண்ணா.

இப்படிக்கு,
அம்மா சொல்லாததையும் எழுதிவிட்ட உன் தங்கை,
பிருந்தா.